சொந்த மொழியில் பேசுகிறார்

டி.வி.யில் யாரோ பேசுவதைக் காதில் வாங்கி, ஒரு வார்த்தை விடாமல் அடித்து, படத்துக்குக் கீழே எழுத்தாக ஓட விடுகிற வேலைக்கு கேப்ஷன் வேலை என்று பெயர். வீட்டில் மாமியார் சொல்வதையும் ஆபீசில் மானேஜர் சொல்வதையும் முழுசாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எனக்காவது அதற்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள்.

பூண்டும் கையுறையும்

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. அதுவரை கலிபோர்னியாவில், சான் ரமோன் அபார்ட்மெண்டில் மகளை வளர்ப்பது மட்டும்தான் என் உத்தியோகம். கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தத் தைரியத்தில் பேப்பரில் வந்த ஒரு சின்ன விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். முதலாளி லிண்டா என்னும் அம்மாள். ஒரு வானிலை அறிக்கையை ஓடவிட்டு அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம், பிழை அதிகமானால் அனுப்பிவிடுவோம் என்று லிண்டா சிரித்த முகத்தோடு சொன்னார்கள். கீழே பல் ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது வாரமே மாட்டிக்கொண்டேன். ஒரு சமையல் நிகழ்ச்சி. எண்ணெய் காய்ந்ததும் இரண்டு பூண்டுப் பல் போடு என்கிறார் சமையல்காரர். பூண்டுப் பல்லுக்கும் கையுறைக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எண்ணெய் காய்ந்ததும் இரண்டு கையுறையைப் போடு என்று அடித்துவிட்டேன். அது ஒளிபரப்பாகியும்விட்டது. லிண்டா கத்துவார்கள் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்:

"ஸ்டெல்லா, இந்த ஊரில் சிலர் அதையும் செய்து பார்ப்பார்கள்."

குதிரைப் பெட்டி

அந்தக் கையுறைக்குப் பிறகு எனக்குச் செய்தி, சமையல், மருத்துவம் எதுவும் தரவில்லை. ஒரு சின்ன கேபிள் சேனல் பழைய கௌபாய் படங்களை மொத்தமாக, மலிவாக வாங்கி, பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தது. ஆபீசில் யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை. பிழை வந்தாலும் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்று என் மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள்.

பெரிய நடிகர்கள் நடித்த படங்கள் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய படத்தோடு ஓசியாக ஓட்டுவதற்காக அவசர அவசரமாக எடுத்தவை. பட்ஜெட் கண்ணுக்கே தெரியும். எந்தப் படத்தைப் போட்டாலும் அதே பாறை. நல்லவன் ஒருநாள் அந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிவான், கெட்டவன் இன்னொரு நாள் ஒளிவான். மதுக்கடைக் கதவை யாராவது வேகமாகச் சாத்தினால் சுவர் ஆடும். ஹீரோவுக்குப் பல்லிடுக்கில் எப்போதும் ஒரு வைக்கோல். அந்த வைக்கோலோடு அவர் பேசுகிற டெக்சாஸ் ஆங்கிலத்தைக் காலடியில் இருக்கிற பெடலை மிதித்து மிதித்து, பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்பேன். ஒரு வாக்கியத்துக்குக் கால் வலிக்கும்.

பக்கத்து மேஜையில் வால்ட். கூடைப்பந்து ஆட்டங்களுக்குக் கேப்ஷன் போடுகிறவர். வயதானவர், வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தவர். நான் பெடலோடு படுகிற பாட்டைப் பார்த்து, இந்தப் படங்களில் மூச்சு விட ஒரு இடம் உண்டு என்று ஆறுதல் சொன்னார்:

"செவ்விந்தியர்கள் வந்தால் நீ காபி குடிக்கலாம். அடைப்புக்குறி போட்டு 'சொந்த மொழியில் பேசுகிறார்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போ. இத்தனை வருஷத்தில் என்ன பேசினார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை."

பெரிய இறகுக்காரர்

ஒரு மத்தியானம், அந்தப் பெட்டியில் ஏதோ ஒரு படம். ராணுவ கேப்டன் சமாதானம் பேச வருகிறார். எதிரே குதிரைகளின் மேல் செவ்விந்தியர்கள். தலைவர் பேசமாட்டார், முறைத்துக்கொண்டு இருப்பார். அவருக்காகப் பேச ஓர் ஆள். ஒல்லி உடம்பு, கறுப்பு, முகத்தில் வண்ணம், தலையில் அளவுக்கு மீறிய ஒரு பெரிய இறகு. 'நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று கேப்டன் கேட்கிறார். நான் வால்ட் சொன்னபடி அடைப்புக்குறியை அடித்துவிட்டு, காபிக்குக் கை நீட்டினேன். காதில் இருந்த ஹெட்போனில் அந்த ஆள் பேசினார்:

"ஏலே, எறக்கி வுடுங்கல. இந்தக் குதிர சரியில்ல."

பக்கத்தில் நிற்கிற மொழிபெயர்ப்பாளன் கேப்டனிடம் திரும்பி, நதிகள் ஓடுகிறவரை எங்கள் மக்கள் சமாதானமாக இருப்பார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். கேப்டன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்கிறார்.

நான் பெடலை மிதித்தேன். மறுபடி அதே குரல், அதே 'ஏலே'. எங்கள் ஊர்க் கடற்கரையில் வல்லத்தைக் கடலுக்குள் தள்ளுகிற மீனவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவது போல. உடனே எனக்குச் சந்தோஷம் வந்தது என்று நினைக்காதீர்கள். பயம்தான் வந்தது. ஏற்கெனவே பூண்டு போய்க் கையுறை வந்திருக்கிறது. இப்போது கௌபாய் படத்தில் தூத்துக்குடித் தமிழ் கேட்கிறது என்று சொன்னால், காது கெட்டவளுக்கு இந்த ஆபீசில் என்ன வேலை?

சாயங்காலம் கணவர் அருளிடம் சொன்னேன். அவர் மெட்ராஸ்காரர். வேலையில் கண் அசந்துவிட்டாயா என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, அக்கறையாகக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மறுநாள் வால்ட்டைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவர் பொறுமையாகப் பல தடவை கேட்டார். அவர் காதுக்கு அது செவ்விந்தியர் பேசுவது போலத்தான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, என் தோளில் தட்டிச் சொன்னார்:

"ஊர் நினைப்பு அதிகமானால் எல்லா மொழியும் நம்ம மொழி மாதிரி கேட்கும். ராணுவத்தில் இருந்தபோது கொரியாவில் எனக்கு ஒரு ஆடு என் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டது."

காது டாக்டர்

ஆட்டோடு என்னைச் சேர்த்துவிட்டாரே என்கிற வருத்தத்தில் டாக்டரிடம் போனேன். டாக்டர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், காது மூக்கு தொண்டை பார்க்கிறவர். பொங்கல் விழாக்களில் பார்த்துப் பழக்கம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சின்னச் சின்ன சத்தங்களைக் காதில் விட்டு, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இதில் தோற்றால் வேலை போய்விடும் என்று, கேட்காத சத்தத்துக்கும் அமுக்கிவிட்டேன். டாக்டர் வந்து, பரீட்சை இல்லை, நிதானமாக அமுக்குங்கோ என்று சொல்லி மறுபடி ஆரம்பிக்க வைத்தார்.

காது நன்றாக இருக்கிறது என்று அவர் காகிதத்தைக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் வந்த காரணத்தைச் சொன்னேன். ஆபீஸ் டேப்பை வெளியே எடுத்துவரக் கூடாது. அதனால் ஹெட்போனை ஒரு குட்டி டேப் ரெக்கார்டர் பக்கத்தில் பிடித்து அந்த ஒரு வரியை மட்டும் பதிந்து கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். வெளியே ஆள்கள் காத்திருக்க, டாக்டர் கதவைச் சாத்திவிட்டு அதை ஓடவிட்டுக் கேட்டார். முதல் தடவை புருவம் ஏறியது. இரண்டாவது தடவை தோள் குலுங்கியது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"உங்கட காதுக்கு ஒண்டுமில்லை பிள்ளை. ஆள் தமிழன்தான். ஆனா எங்கட ஆள் இல்லை, உங்கட பக்கத்து ஆள். எங்கட ஆள் எண்டால் விழப்போற நேரத்திலையும் 'இறக்கி விடுங்கோ' எண்டு மரியாதையாத்தான் கேட்டிருப்பான்."

வியாழக்கிழமை கேரல்

காது நல்லதாகிவிட்டது. இப்போது கேள்வி, கீழே என்ன எழுத்தைப் போடுவது? அந்த ஆள் சொன்னதை ஆங்கிலத்தில் போடவேண்டும் என்று லிண்டாவிடம் கேட்டேன். டாக்டர் கொடுத்த காகிதத்தையும் மேஜையில் வைத்தேன். லிண்டா என்னை நம்பினார்கள். ஆனால் யோசித்தார்கள். கேப்டன் உருக்கமாகத் தொப்பியைக் கழற்றுகிற இடத்தில், கீழே 'என்னை இறக்கிவிடுங்கள், இந்தக் குதிரை சரியில்லை' என்று ஓடினால் காட்சியே சிரிப்பாகிவிடும். சேனல்காரர்கள் கோபித்துக்கொண்டு பெட்டி முழுவதையும் வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிடுவார்கள். வழக்கம் எதுவோ அதுவே இருக்கட்டும் என்றார்கள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. வியாழன்தோறும் கேரல் வருவார். நாங்கள் அடித்ததை எல்லாம் படத்தோடு ஓடவிட்டுப் பிழை பார்ப்பது அவர் வேலை. என் கையுறையைக் கண்டுபிடித்தவரும் அவரேதான், என்ன, ஒளிபரப்பான பிறகு தன் வீட்டு டி.வி.யில் பார்த்துக் கண்டுபிடித்தார். ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் காது போனவர். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். எனக்குக் கூச்சம் வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் உண்டு. கேரல் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அப்புறம் பேச்சைத் தொடர்வார்.

நானும் லிண்டாவும் பேசிக்கொண்டிருந்ததை அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்திருக்கிறார் என்றால், கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். உள்ளே வந்து, காது கேட்கிற நேயர்களுக்கு அந்தக் குரலாவது கிடைக்கிறது, புரிகிறவன் புரிந்துகொள்வான், எங்களுக்கு அடைப்புக்குறி மட்டும்தானா என்று லிண்டாவிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏற்ற இறக்கம் இல்லாத அவருடைய குரலில் சொன்னார்:

"அவன் சொன்னது உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?"

சரிவு

லிண்டா அன்றே சேனலுக்குக் கேட்டு அனுப்பினார்கள். பதில் வருகிறவரை மீதிப் படத்தை முடித்துவை என்று எனக்குச் சொன்னார்கள். அந்த ஒரு வரியிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் மிச்சப் படத்தை நான் பார்த்திருக்கவே இல்லை.

சமாதானம் முறிகிறது. துப்பாக்கிச் சண்டை. அதே பாறைக்குப் பின்னாலிருந்து குதிரைகள் சரிவில் இறங்குகின்றன. பெரிய இறகு தெரிந்தது. அவர் குதிரை மற்றக் குதிரைகளோடு சேராமல் பக்கவாட்டில் இழுத்தது. அவர் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரியைக் கட்டிக்கொண்டார். குதிரை முன்னங்காலைத் தூக்கியது. அவர் பின்பக்கமாக விழுந்து, சரிவில் உருண்டு, ஒரு கல்லில் மோதி நின்றார். இறகு தனியாக உருண்டு போனது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தை கேட்டது. "மாதாவே." எங்கள் ஊரில் தடுக்கி விழுகிற குழந்தைகூட அப்படித்தான் கூப்பிடும். அவர் எழுந்திருக்கவில்லை. காட்சி மாறிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் படத்தில் அவர் இல்லை.

நடிப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் முந்தின காட்சியிலேயே குதிரை சரியில்லை என்று சொன்ன ஆள் அல்லவா? எனக்கு அவரைத் தெரியாது. பெயர் தெரியாது. எங்கள் ஊரில் கப்பல் ஏறிப்போய்த் தகவல் இல்லாமல் போன பிள்ளைகள் தெருவுக்கு ஒருத்தராவது உண்டு. அந்த வீட்டு அம்மாக்கள் மாதா கோயில் பூசைக்குப் போகும்போது மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தியின் பிள்ளை அந்தச் சரிவில் கிடப்பதை, அவள் பார்க்காததை, நான் பார்த்துவிட்டேன் என்று தோன்றியது. கேரல் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வால்ட்டும் வந்து பார்த்தார். சும்மா ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவர்:

"இந்த மாதிரிப் படங்களில் ஒரு குதிரை விழுந்தால் அதற்கு என்ன ஆச்சு என்று கேட்கச் சொந்தக்காரன் வருவான். விழுந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று கேட்க யார் வந்திருப்பார்கள்?"

மிளகு

அப்புறம் நான் செய்தது வேலையா, தேடலா என்று எனக்கே தெரியாது. ஒரே கம்பெனி எடுத்த படங்கள். அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு டேப்பிலும் ஹீரோவை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு படத்தில் கிடைத்தார். பெரிய வட்டத் தொப்பி போட்ட மெக்சிகோக்காரராக, மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் சலவைக்கடைச் சீனராக. வெள்ளைக்காரர் அல்லாத ஓர் ஆள் வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. ஆனால் இரண்டிலும் நன்றாக நடந்தார், ஒல்லியாகவே இருந்தார். விழுவதற்கு முன்னால் எடுத்தவையாக இருக்கலாம். பெட்டியில் படங்கள் எந்த வரிசையிலும் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல வழி இல்லை. ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம், அடுத்த நிமிஷம் மறுபடி கவலை.

அடுத்த வியாழக்கிழமை கேரல் என் மேஜைக்கு வந்து, மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, தன் டி.வி. முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். என் வேலை தாமதமானதால் அந்த ஒரு படத்தை மட்டும் லிண்டா வேறொரு பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். கூண்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக மேற்கே போகிறார்கள். கூட்டத்துக்கு ஒரு சமையல்காரர். கொஞ்சம் சதை போட்டிருந்தார், மீசை வைத்திருந்தார், இடுப்பில் அழுக்கு ஏப்ரன். நான் மீசையைப் பார்த்து ஏமாந்திருப்பேன். உதட்டையே பார்த்துப் பழகிய கேரல் ஏமாறவில்லை. கீழே அந்தப் பெண் 'ஸ்பானிய மொழியில் பேசுகிறார்' என்று போட்டிருந்தாள். சமையல்காரர் இரண்டு கையாலும் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு நெருப்பிலிருந்து வண்டிக்குப் போனார். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். என் கை தானாக வாய்க்குப் போனது. கேரல் அதை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"நொண்டுகிறான், பார். ஆனால் நடக்கிறான்."

ஹீரோவின் வாய்

கேரலுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த ஆள் என்ன பேசினார்? ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். லிண்டாவும் வால்ட்டும் வந்து பின்னால் நின்றார்கள்.

ஹீரோ தட்டை நீட்டி, இன்றைக்கு இதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்கிறார். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்கிறார். ஏதாவது உன் பாஷையில் பேசு என்று சொல்லியிருப்பார்கள். அவர் ஹீரோவைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இந்தப் படங்கள் நம் ஊர்க் கொட்டகைகளுக்கும் வரும், அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்:

"எம்மா, நான் சாவல. காலு ஒடிஞ்சி சரியாயிட்டு. இங்கன நல்லாத்தான் இருக்கேன். சோறாக்குத வேலதான். நீ அழாத."

ஹீரோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மிளகு ஜாஸ்தி என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார்.

நான் ஹெட்போனைக் கழற்றி, ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். கேரலுக்காக உதட்டை மறைக்காமல் சொன்னேன். அதனால் நான் அழுததை நாலு பேரும் பார்த்தார்கள், என்னையும் சேர்த்து. டி.வி. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வால்ட் ஏதோ தேடுவது போலத் தன் மேஜைக்குப் போய்விட்டார். அவருடைய ஆட்டைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசியதில்லை. லிண்டா டி.வி.யை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்:

"அந்த ஹீரோ கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம்."

சேனலின் பதில்

சேனல்காரர் போனில் பேசினார். லிண்டா ஸ்பீக்கரைப் போட்டு, என்னையும் உட்காரச் சொன்னார்கள். கோபப்படுவார், பெட்டியைத் திருப்பிக் கேட்பார், கூடவே நானும் வீட்டுக்குப் போவேன் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். மகளை டேகேரிலிருந்து நிறுத்திவிடலாமா என்றுகூட மனசுக்குள் யோசித்தாயிற்று. லிண்டா இரண்டு படங்களிலும் நடந்ததை நிதானமாகச் சொன்னார்கள். குதிரையையும் சொன்னார்கள், காலையும் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட சேனல்காரர், 'தமிழில்' என்று முதலில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு அந்த ஆள் சொன்னதை அப்படியே போடுங்கள் என்றார். குதிரை வரியையும் போடச் சொன்னார். லிண்டா போனை வைத்துவிட்டு, என் சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்றும் இனி நிரந்தரம் என்றும் சொன்னார்கள். கீழே பல் ராவுகிற சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. போனை வைப்பதற்கு முன்னால் அந்தச் சேனல்காரர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்:

"நான் இந்தப் படங்களை வாங்கியவன், ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் பார்க்கிறேன்."

மூன்று வீடு

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையல்காரர் வந்த படம் ஒளிபரப்பானது. அருள் பாப்கார்ன் செய்தார். நான் கண் அசந்ததாக முன்பு சொன்னவர் அவர், அதற்குப் பிராயச்சித்தம் அது. மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கீழே எழுத்து ஓட, அவள் அதைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுவிட்டு, நீ ஆச்சியோடு போனில் பேசுகிற மாதிரியே இந்த அங்கிள் பேசுகிறார் என்றாள்.

அதை வி.சி.ஆரில் பதிந்து வைத்திருந்தேன். நம் ஊர் மெஷினில் இங்கத்து டேப் ஓடாது. குபெர்டினோவில் ஒரு கடையில் கொடுத்து அங்கே ஓடும்படி மாற்றி, ஊருக்குப் போன ஒருத்தரிடம் கொடுத்தனுப்பினேன். கிடைத்தது என்று அம்மா சொன்னார்கள். அதற்கப்புறம் பேச்சைக் காணோம். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை போலும், எத்தனை வருஷமாகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டைச் சுரண்டிக் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பின்னால் திருவிழா போலச் சத்தம். டேப்பை வீட்டில் போட்டுப் பார்க்கத் தெருவே வந்திருக்கிறது, தினமும் வருகிறார்கள், டீ போட்டு மாளவில்லை என்றார்கள்.

மூன்று வீட்டார் எங்கள் ஆள்தான் என்கிறார்களாம். ஒரு வீட்டில் தங்கை, குரலை வைத்துச் சொல்கிறாள். இன்னொரு வீட்டில் தம்பி, காதைப் பார்த்துச் சொல்கிறார். மூன்றாவது வீட்டில் வயசான ஓர் அண்ணி, அவன் ஒருத்தன்தான் எங்கள் வீட்டில் மிளகை அள்ளிப் போடுவான் என்று அடித்துச் சொல்கிறாள். மூவரும் நன்றிப் பூசை கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் சங்கடம். ஒருத்தர் எப்படி மூன்று வீட்டுப் பிள்ளையாக இருக்க முடியும், விசாரித்துச் சரியாகச் சொல்லிவிட வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள்:

"நீ ஒண்ணும் விசாரிக்காண்டாம்ட்டி. மூணு வீட்லயும் அழுகைய நிப்பாட்டிட்டாவ. அது அப்படியே இருக்கட்டும்."

நானும் விசாரிக்கவில்லை. அந்தப் பெட்டி முழுவதும் கேட்டு முடித்தவள் என்கிற முறையில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அத்தனை படங்களிலும் உண்மையைப் பேசியவர் ஒரே ஒருத்தர், அவருக்கு மட்டும்தான் யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.